86 ஆண்டுகளுக்குப் பின் அகப்பட்ட ‘கலிவி கோடி’

சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை புலிக்காட் ஏரியின் குறுக்கே செல்கிறது. மார்கழி, தை மாதங்களில் அந்தச் சாலையின் இரு புறமும் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். காரை ஓரமாக நிறுத்திக் காமிராவைக் கையில் எடுத்தால் போதும், படம் கிடைத்துவிடும். சற்று வடக்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் ஏரி மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். சென்னையிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கடலோரச் சாலையில் இவ்வளவு சுலபமாகக் காட்சி தரும் இந்தப் பறவைகளுக்கு நேர் எதிரான பறவை ஒன்று ஆந்திரத்திலேயே இருக்கிறது. அதன் இருப்பிடம் கடப்பை மாவட்டத்து முட்புதர்க் காடு. படித்தவர்கள் கண்ணில் 86 ஆண்டுகள் அது படவில்லை. பூண்டோடு அழிந்து போயிருக்கும் என்றே பறவை நிபுணர்கள் பலரும் கருதினார்கள். யாரும் எதிர்பாராத வகையில் 1986-ம் ஆண்டு ஜனவரியில் ஓர் இரவு டார்ச் விளக்கு வெளிச்சத்தில் அது அகப்பட்டது.

ஆங்கிலத்தில் அதற்கு ‘ஜெர்டான்ஸ் கோர்சர்’ என்று பெயர். தெலுங்கில் ‘கலிவி கோடி’. கலிவி என்பது நம் ஊர்க் களாச் செடி. கோடி என்றால் கோழி. களாப் புதருக்கு அடியில் பதுங்கியிருக்கும் கோழி என்று பொருள் கொள்ளலாம்.

ரேணிகுண்டாவிலிருந்து கடப்பைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி புதிதல்ல. ராஜம்பேட்டை, நந்தலூர், ஒண்டிமிட்டா தாண்டி பாக்கராப்பேட்டை வரும்போது, வலப் பக்கம் வடபெண்ணை ஆற்றுக்கு அப்பால் சித்தவடம் இருக்கிறது. அதற்கும் அப்பால் லங்கமலை. அந்த மலையின் அடிவாரத்துப் புதர்க்காடுதான் கலிவி கோடியின் வீடு.

நெல்லூர் டாக்டர்

தாமஸ் ஜெர்டான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தவர். 1836-ல் சென்னைக்கு வந்தார். திருச்சிராப்பள்ளியில் சில காலம் இருந்தார். பிறகு நெல்லூரில் சிவில் சர்ஜனாக வேலை பார்த்தார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் பறவை, பாம்பு, எறும்பு என்று எதையாவது சேகரித்துக்கொண்டே இருப்பார். நெல்லூர்ப் பக்கத்துக் காடுகளை நன்றாக அறிந்த யானாதி மக்களிடம் கேட்டுக் கேட்டு விவரங்களைக் குறித்துக்கொண்டார். பிற்காலத்தில் இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல், அந்தத் துறைக்கு ஆதார நூல் ஆயிற்று.

அவர் நெல்லூர், கடப்பை சீமையில் கண்டெடுத்த புதுப் பறவைதான் இது. 1848-ல் எட்வர்டு பிளைத் என்ற அறிஞர் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அந்தப் பெயரில் ‘இரண்டு கழுத்துப் பட்டை உடையது’ என்ற பொருள் அடங்கியிருக்கிறது.

பறவை பார்க்க எப்படி இருக்கும்? சுமார் 27 சென்டிமீட்டர் நீளம். ஆள்காட்டிக் குருவியைப் போல நீண்ட கால். உடல் மண் நிறம். மார்பின் குறுக்கே பழுப்பு நிறத்தில் இரண்டு பட்டைகள். கண்ணுக்கு மேலே அகலமான வெளிர் புருவம். தொண்டையில் செம்பழுப்புத் திட்டு. கண்கள் முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. இந்தப் பெரிய கண்ணில்தான் ரகசியமே இருந்தது. அது பின்னால்தான் தெரிந்தது.

பகலில் தேடினார்கள்

ஜெர்டானுக்குப் பிறகு பிளான்ஃபோர்டு என்பவர் கோதாவரிப் பள்ளத்தாக்கில், சிரோஞ்சா, பத்ராசலம் பக்கங்களில் இதைப் பார்த்தார். 1900-ல் ஹோவார்டு காம்ப்பெல் என்பவர் அனந்தப்பூர் பக்கத்தில் பார்த்தார். அத்தோடு சரி.

1930-களில் தேடினார்கள். 1970-களிலும் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. இந்தியப் பறவைகளில் இப்படிக் காணாமல் போனவை இன்னும் சில உண்டு. இமயமலைக் காடை 1876-க்குப் பிறகு அகப்படவே இல்லை. 1884-க்குப் பிறகு காணாமல் போன சிறு ஆந்தை ஒன்று, 1997-ல் மகாராஷ்டிரத்தில் திரும்பக் கிடைத்தது. கலிவி கோடியும் போனதோடு போயிற்று என்றே நினைத்தார்கள்.

தேடினவர்கள் சோம்பேறிகள் அல்ல. வெயிலையும் முள்ளையும் பாராமல் அலைந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் தேடியது பகலில். பறவையோ பகல் முழுதும் புதரடியில் அசையாமல் கிடந்து, இருட்டிய பிறகே இரைக்குக் கிளம்பும் வர்க்கம். கரையானும் எறும்பும் மற்றப் பூச்சிகளும் அதன் ஆகாரம். அதன் மண் நிறம் செம்மண்ணோடு கலந்துவிடும். பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

படமும் டார்ச் விளக்கும்

1985-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மீண்டும் ஒரு முயற்சியில் இறங்கியது. பரத் பூஷண் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கடப்பைக்கு வந்து சேர்ந்தார். அவர் செய்த முதல் காரியம், பறவையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விசாரித்ததுதான். ஆடு மேய்ப்பவர்கள், விறகு வெட்டுகிறவர்கள், கண்ணி வைத்துக் காடை கௌதாரி பிடிப்பவர்கள் என்று காட்டில் நடமாடும் எல்லோரிடமும் படம் காட்டப்பட்டது.

படத்தைப் பார்த்ததும் இது எங்கள் காட்டுப் பறவை என்று அடையாளம் கண்டவர்களில் ஒருவர் அய்த்தன்னா. உள்ளூர் வேட்டைக்காரர். இரவில் விளக்கு வெளிச்சத்தில் வேட்டைக்குப் போவது அவர் பழக்கம். பெரிய நிபுணர்களுக்கு அகப்படாத பறவை, அவர் விளக்கு முன்னால் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. அதற்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பதுதான் அவருக்குத் தெரியாது.

1986 ஜனவரியில் ஓர் இரவு ரெட்டிப்பள்ளிப் பக்கத்தில் அய்த்தன்னா ஒரு பறவையை உயிரோடு பிடித்துவிட்டார். படத்தில் இருந்த அதே இரட்டைப் பட்டை. அதே பெரிய கண். 86 ஆண்டுப் புதிர் அவிழ்ந்தது. பிடிபட்ட பறவை பிழைக்கவில்லை. பாடம் செய்யப்பட்டுக் கழகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. ஆனால் அதன் சகோதரர்கள் காட்டில் இருந்தார்கள். அடுத்தடுத்த இரவுத் தேடல்களில் மேலும் சில பறவைகள் தென்பட்டன.

பறவை ஆராய்ச்சியின் பிதாமகர் டாக்டர் சலீம் அலிக்கு அப்போது வயது 89. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானார். அதற்கு முன்பே இந்த நற்செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது.

1988-ல் லங்கமலைப் பகுதியில் சுமார் 464 சதுர கிலோமீட்டர் நிலம் ஸ்ரீ லங்கமல்லேஸ்வர வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. ஒரு பறவைக்காக இவ்வளவு பெரிய சரணாலயம் அமைவது நம் நாட்டில் அபூர்வம். அதே ஆண்டில் தபால் இலாகா கலிவி கோடியின் படம் போட்டுத் தபால் தலையும் வெளியிட்டது.

மண்ணில் விழுந்த கால் தடம்

கண்டுபிடித்தது ஒரு வேலை. அது எத்தனை இருக்கிறது, எந்த மாதிரி இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு வேலை. பகலில் தெரியாத பறவையை எப்படி எண்ணுவது?

2000-ம் ஆண்டுக்குப் பிறகு இந்த வேலையை முன்னின்று செய்தவர் ஒரு தமிழர். ப. ஜெகநாதன். பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் ஒத்துழைப்போடும், உள்ளூர்க்காரர்களின் துணையோடும் அவர் பல ஆண்டுகள் லங்கமலை அடிவாரத்தில் கழித்தார்.

அவர்கள் கையாண்ட முறை நம் கிராமத்து மூளைக்கு எட்டாததல்ல. புதர்களுக்கு இடையே நீள வாக்கில் மண்ணைச் சலித்து மெல்லிய பட்டையாகப் பரப்பி வைத்தார்கள். இரவில் அதன் மேல் எது நடந்தாலும் காலையில் தடம் தெரியும். கோழி, கௌதாரி, காடைக்குப் பின்விரல் உண்டு. கலிவி கோடிக்கு முன்பக்கம் மூன்று விரல்தான். தடம் விழுந்த இடத்தில் தானாகப் படம் பிடிக்கும் காமிராக்களை வைத்தார்கள். மனிதன் காவல் காக்காமலே பறவை படத்தில் விழுந்தது.

பிறகு குரல். இந்தப் பறவை எப்படிக் கூவும் என்பது அதுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஜெகநாதனும் அவருடைய கூட்டாளியும் அதை முதன் முதலாக ஒலிப்பதிவு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். இரண்டு அசைக் கூவல். ‘குவிக்–கூ, குவிக்–கூ’ என்று திரும்பத் திரும்ப வரும். சூரியன் மறைந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும். சில நிமிஷங்களில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிஷத்தைத் தவறவிட்டால், அடுத்த நாள்தான்.

இந்த ஆராய்ச்சியில் கிடைத்த மிக முக்கியமான விவரம் புதர்களைப் பற்றியது. ஒரு ஹெக்டேரில் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான புதர்கள் 300 முதல் 700 வரை இருக்கும் இடமே இதற்குப் பிடிக்கிறது. புதர் அடர்ந்து போனால் ஓட இடமில்லை. மொட்டையாகிவிட்டால் ஒளிய இடமில்லை. அதாவது, ஆடு மாடு ஓரளவு மேய வேண்டும். விறகும் ஓரளவு வெட்டுப்பட வேண்டும். அளவு மீறினால் பறவை போய்விடும். முள்வேலி போட்டு மனிதனை முழுக்க விரட்டினாலும் புதர் அடைத்துக்கொண்டு பறவை போய்விடும். ஊர்க்காரனின் ஆடும் கத்தியும் இந்தக் கணக்கில் ஓர் உருப்படி.

கிருஷ்ணா நீரும் பறவையும்

தமிழர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு சம்பந்தமும் உண்டு. அது தண்ணீர்.

1983-ல் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கிருஷ்ணா நதி நீர் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. ஸ்ரீசைலத்திலிருந்து வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு நீர்த்தேக்கங்கள் வழியாகப் பூண்டி வரை பயணம். 1996-ல் முதல் தண்ணீர் தமிழக எல்லையைத் தொட்டது. சென்னையின் குடிதண்ணீரோடு ராயலசீமை, நெல்லூர் வயல்களுக்கும் பாசனம் என்பதே தெலுங்கு கங்கைத் திட்டம். பிழைப்புக்காக ஆந்திரத்தில் இருக்கும் தமிழர் பலருக்குச் சென்னையில் உறவு உண்டு. அந்த வீடுகளின் குழாயில் வரும் தண்ணீரில் கிருஷ்ணாவும் கலந்திருக்கிறது.

வெலுகோட்டுக்கும் சோமசிலாவுக்கும் நடுவில்தான் லங்கமலை. சோமசிலா அணை நீரில் மூழ்கிய ஊர்களின் ஜனங்களுக்கு வேறு இடம் வேண்டியிருந்தது. அவர்களில் பலர் குடியேறியது இந்தப் புதர்க்காட்டு ஓரங்களில்தான். வீடும் வயலும் இழந்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் பறவைக்கு இருந்த இடத்தில் கொஞ்சம் சுருங்கியது.

2005-ல் திட்டத்தின் கால்வாய் ஒன்றை வெட்டும் வேலை பறவையின் இருப்பிடத்துக்கு உள்ளேயே வந்துவிட்டது. ராட்சத இயந்திரங்கள் புதர்களைப் புரட்டிப் போட்டதை ஆராய்ச்சியாளர்கள் நேரில் பார்த்தார்கள். உடனே முறையிட்டார்கள். வேலை நிறுத்தப்பட்டது. விஷயம் சுப்ரீம் கோர்ட் அமைத்த குழு வரை போயிற்று. கடைசியில் கால்வாயின் போக்கு மாற்றப்பட்டது. பறவைக்கென்று கூடுதல் நிலமும் ஒதுக்கப்பட்டது.

தண்ணீரும் வேண்டும், பறவையும் வேண்டும் என்றால் நடக்காது என்று சொல்வார்கள். இங்கே கால்வாயைச் சற்று வளைத்ததில் இரண்டும் நடந்தது. ஆனால் அதற்குள் வெட்டுப்பட்டுப் போன புதர்க்காடு திரும்பி வரவில்லை.

கோலார் முட்டை

2013-ல் எதிர்பாராத இன்னொரு செய்தி, இந்த முறை ஸ்காட்லாந்திலிருந்து. அபர்தீன் பல்கலைக்கழக மியூசியத்தின் இழுப்பறை ஒன்றில் பழைய முட்டைச் சேகரிப்பு இருந்தது. அதில் ஒரு முட்டை கலிவி கோடியினுடையது என்று தெரிந்தது. மரபணுப் பரிசோதனையும் அதை உறுதி செய்தது. இந்தப் பறவையின் முட்டை என்று உலகத்தில் அறியப்பட்டது அது ஒன்றுதான்.

அது எடுக்கப்பட்ட ஆண்டு 1917. எடுத்தவர் கோலார் தங்க வயலில் வேலை பார்த்த கால்நடை டாக்டர். எடுத்த இடமும் கோலார்ப் பக்கம்.

கோலார் தங்க வயலைத் தெரியாத தமிழ்த் தொழிலாளி இல்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர் வியர்வையில் எழுந்த ஊர். அவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்த காலத்தில், மேலே புதர்க்காட்டில் இந்தப் பறவை முட்டையிட்டிருக்கிறது. 1900-க்குப் பிறகு 17 ஆண்டுகள் கழித்தும் அது வாழ்ந்ததற்கு இது சாட்சி.

ஒரு வரைபடத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். ஒரு கோடியில் கோலார். மறு கோடியில் கடப்பை. நடுவில் இருப்பவை பலமனேர், புங்கனூர், மதனப்பள்ளி. அதாவது பழைய சித்தூர் ஜில்லா. இரண்டு பக்கமும் இருந்த பறவை, நடுவிலும் ஒரு காலத்தில் இருந்திருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. யாரும் இரவில் காது கொடுத்துக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மறுபடியும் மௌனம்

1986-ல் கிடைத்த பறவை 2009-க்குப் பிறகு மறுபடியும் மறைந்துவிட்டது. ஆண்டுகள் ஓடின. லங்கமலையில் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். செம்மரக் கடத்தல் காரணமாக அந்தக் காடுகளில் இரவு நடமாட்டத்துக்குக் கெடுபிடி வேறு. இரவில் மட்டும் வெளிப்படும் பறவையை இரவில் போகாமல் எப்படித் தேடுவது?

உலகத்தில் மொத்தமே 250-க்கும் குறைவாக இருக்கும் என்பது நிபுணர்கள் மதிப்பீடு. அழிவின் விளிம்பில் இருப்பவை என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வைத்திருக்கும் பட்டியலில் இதற்கும் இடம்.

2025 ஆகஸ்டில் கடப்பை மாவட்டத்தில் பறவை ஆர்வலர்கள் சிலர் இரவில் அதன் குரலைக் கேட்டு ஒலிப்பதிவும் செய்தார்கள். பதினாறு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு வந்த அந்த ‘குவிக்–கூ’ பறவை இன்னும் உயிரோடு இருப்பதைச் சொன்னது. எத்தனை உயிர் என்பதைச் சொல்லவில்லை.

நம் பக்கத்துப் புதர்க்காடு

சித்தூர், புத்தூர், நகரி, விஜயபுரம் பக்கங்களில் வசிக்கும் தமிழர்கள் தினமும் இப்படிப்பட்ட நிலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். களா, இலந்தை, காரை, வேலம் மண்டிய செம்மண் மேடு. ‘தரிசு’ என்பார்கள். ‘பாழ்’ என்பார்கள். மரம் உயரமாக இல்லையென்றால் அது காடு இல்லை என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் உண்டு, ஜனங்களிடமும் உண்டு. அதனால் கிரஷர் போடவும், மனை பிரிக்கவும், யூக்கலிப்டஸ் நடவும் முதலில் கை வைப்பது அதில்தான்.

கலிவி கோடி அடர்ந்த மலைக்காட்டில் வாழும் பறவை இல்லை. ஏரிக்கரையிலும் வாழாது. யாரும் மதிக்காத இந்தத் ‘தரிசு’தான் அதற்கு வேண்டும். அந்த நிலம் போனால் சட்டமும் சரணாலயமும் இருந்தும் அதற்குப் போக்கிடம் இல்லை.

படிப்பாளிகள் பல ஆண்டுகள் தேடிக் கிடைக்காததை, எழுத்து வாசனையை விடக் காட்டு வாசனை அதிகம் தெரிந்த ஒருவர் ஓர் இரவில் பிடித்துக் கொடுத்தார். அப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். இரவில் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், ஆட்டுக் கிடைக்குக் காவல் படுக்கிறவர், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்புகிறவர் எல்லோருக்கும் காது இருக்கிறது.

இரவில் புதரோரம் குரல் கேட்டால் எல்லாம் கலிவி கோடி ஆகிவிடாது. ஆள்காட்டிக் குருவியும் கத்தும், கண்கிளாடியும் கத்தும். கண்கிளாடி உருவத்தில் பெரியது, கண்ணும் பெரியது. ஆனால் அதன் மார்பில் இரட்டைப் பட்டை கிடையாது. பட்டை இரண்டு தெரிந்தால், அல்லது பொழுது சாய்ந்து முக்கால் மணி கழித்து இரண்டு அசைக் கூவல் விடாமல் கேட்டால், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவிக்கலாம். பிடிக்க வேண்டாம், சட்டப்படி குற்றம். 1986-ல் பிடிபட்ட பறவை பிழைக்காமல் போனதும் நினைவில் இருக்கட்டும். கையில் செல்போன் இருந்தால் குரலைப் பதிவு செய்தாலே போதுமானது.